தாய்மாமன் முழங்கைக்கு ஒரு திண்டு

முழங்கைக்கு இந்த நாடு இதுவரை எந்த மரியாதையும் செய்ததில்லை. மூக்குக்கு மூக்குத்தி, காலுக்குக் கொலுசு, இடுப்புக்குக்கூட அரைஞாண் என்று கொடுத்துவைத்த நம் முன்னோர், முழங்கையை மட்டும் அந்தரத்தில் தொங்கவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். இந்த வரலாற்று அநீதியைத் தீர்க்க மதுரை கே.கே. நகரில் ஒருவர் தோன்ற வேண்டியிருந்தது. அவர்தான் அழகுபாண்டி. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர், தமிழ்ச்செல்வியின் கணவர்.

கார் வாங்கிய நாள்முதல், கியர் போடும்போது தம் இடது முழங்கை 'ஆதரவற்ற நிலையில்' இருப்பதாக அவர் சாப்பாட்டு வேளைதோறும் அறிவித்துவந்தார். தமிழ்ச்செல்வி இடுப்பில் குழந்தையும் கையில் கரண்டியுமாக நின்று கேட்டுக்கொள்வாள். கேட்டுக் கேட்டு அவளுக்கே அந்த முழங்கைமேல் இரக்கம் வந்துவிட்டது. கடைசியில் பைபாஸ் ரோட்டுக் கடையில் ஆர்ம்ரெஸ்ட் மாட்டப்பட்டது. முன்சீட்டு இரண்டுக்கும் நடுவே, ஹேண்ட் பிரேக்குக்கு மேலே, கறுப்பு உறை போட்ட சின்னத் திண்டு. அதைத் தம் முழங்கைக்கு ஏற்றபடி 'நிர்ணயம்' செய்ய அழகுபாண்டி எடுத்த லீவு, மகள் பவதாரிணி பிறந்தபோது எடுத்த லீவைவிட அதிகம்.

"இன்னும் ஒரு நூல் முன்னாடி தள்ளுங்க பாய்."

"தள்ளிட்டேன் சார்," என்றார் கடைக்காரர் மன்சூர். "நீங்க கியரு போடப் போறீங்களா, வீணை வாசிக்கப் போறீங்களா?"

நிர்ணயம் நிறைவேறியது. முழங்கை திண்டில் இருக்க, மணிக்கட்டை அசைத்தாலே கியர் விழுந்தது. இந்த நிலை எக்காலத்தும் மாறக் கூடாது என்று திருகாணியை அசையாமல் இறுக்கச் சொல்லிவிட்டார் அழகுபாண்டி. இனி அது ஏறாது, இறங்காது, நகராது. அரசு ஊழியர் ஒருவருக்கு இதைவிட நிறைவு வேறென்ன வேண்டும்?

அடுத்த வெள்ளிக்கிழமை பவதாரிணிக்குக் காதுகுத்து. சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் குலதெய்வக் கோயில். பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்தியாக வேண்டும். தாய்மாமன் காசிமாயன், தமிழ்ச்செல்வியின் ஒரே அண்ணன். அப்பா அம்மா போனபின் அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவர் ஒருவர்தான்.

அவர் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார். காரணம் சாதாரணமானதல்ல. கே.கே. நகர் வீட்டுப் பால்காய்ப்புக்கு வைத்த பேனரில் அவர் படம், அழகுபாண்டியின் மேலதிகாரி படத்தைவிட ஒரு விரற்கடை சின்னது. சாப்பிடாமல் எழுந்து போனவர்தான், மருமகள் பிறந்ததற்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் கதவு திறக்கும்போதெல்லாம் தமிழ்ச்செல்வி தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து அழுதாள். ஆள்மேல் ஆள் விட்டு, கெஞ்சிக் கூத்தாடி, இப்போதுதான் வந்திருந்தார். இன்றைக்கு அவர் முகம் லேசாகச் சுளித்தாலும் அந்த வாசல் அவளுக்கு இனி இல்லை. குழந்தையைக்கூட அவர் இன்னும் தொடவில்லை. "கோயில்ல முறைப்படி மடியில வாங்கிக்கிறேன்" என்று விறைப்பாகச் சொல்லியிருந்தார்.

சீர்வரிசை ஏற்றிய குட்டியானை வண்டி முன்னால் போய்விட்டது. காரில் முன்சீட்டு தாய்மாமனுக்கு. பின்சீட்டில் ஒரு ஓரம் மாமியார் சீனியம்மாள், மறு ஓரம் அண்ணன் மனைவியான மதினி பாண்டியம்மாள், நடுவில் தமிழ்ச்செல்வி. அவள் மடியில் குழந்தை, முழங்காலில் பழத்தட்டு, தட்டின்மேல் பூமாலை. அவளுடைய முழங்கைகள் எங்கே இருந்தன என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை.

ஏறி உட்கார்ந்த காசிமாயன் வலது கையை ஆர்ம்ரெஸ்டில் நீட்டி வைத்தார்.

"இது என்ன மாப்ள, மெத்தை மாதிரி இருக்கு. எனக்குன்னே போட்டதா?"

அழகுபாண்டி ஒரு கணம் தம் வாழ்நாள் ஆராய்ச்சியைப் பார்த்தார். கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "ஆமா மச்சான். உங்களுக்காகத்தான்."

காசிமாயனுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தக் கை அதற்குப் பிறகு எழவில்லை.

சிக்கல் இதுதான். ஒன்று, மூன்று, ஐந்து முன்னால் தள்ளும் கியர்கள். இரண்டும் நாலும் பின்னால் இழுப்பவை. இழுக்கும் இடத்தில் மச்சானின் கை, காப்புடன் தொங்கிக்கொண்டிருந்தது. கையை எடுங்கள் என்று சொல்லலாம்தான். பேனரில் ஒரு விரற்கடைக்கு இரண்டு வருஷம் என்றால், ஒரு முழங்கைக்கு எத்தனை வருஷம் என்று யார் கணக்குப் போடுவது? ஆகவே அழகுபாண்டி ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவினார். மொய்கூட ஒற்றைப்படையில்தானே வைக்கிறோம், கியர் வைத்தால் என்ன குற்றம்? கார் மட்டும் சம்மதிக்காமல் ஒவ்வொரு சிக்னலிலும் குலுங்கியது.

கோரிப்பாளையத்தில் துணிந்து ஒருமுறை இரண்டுக்கு இழுக்கப் பார்த்தார். கியர்க்குமிழ் காப்பில் 'டிங்' என்றது.

"என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல மச்சான். காப்பு நல்லா இருக்கேன்னு பாத்தேன்."

"தெற்காவணி மூல வீதி நகைக்கடையில எடுத்தது. நல்லாப் பாருங்க," என்று கையை இன்னும் முன்னால் நீட்டினார். இப்போது மூன்றும் போயிற்று.

பின்சீட்டில் அரசியல் முயற்சிகள் தொடங்கின. "தம்பி, கண்ணாடியை இறக்கிவிட்டு கையை வெளியில வைங்க, காத்தாட இருக்கும்," என்றாள் சீனியம்மாள். காசிமாயன் இடது கையை வெளியில் வைத்தார். விளாங்குடியில் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார் அழகுபாண்டி. மரியாதை தெரிந்த மனிதர் வலது கையால்தான் வாங்கினார். கார் மொத்தமும் மூச்சைப் பிடித்தது. வாங்கியதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைப் பழைய இடத்தில் வைத்தார்.

"வண்டி ஏன் இம்புட்டு மெதுவாப் போகுது?"

"குலுக்கக் கூடாதுன்னுதான் மச்சான்," என்றார் அழகுபாண்டி, தலை கூரையில் இடிக்க.

முதல் கியரிலேயே முக்கி வந்த கார், வழியில் ஒரு பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. பின்னால் ஒரு மினிபஸ் காது கிழிய அடித்தது. கார் மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக் ஆர்ம்ரெஸ்டுக்கு அடியில், ஆர்ம்ரெஸ்ட் மச்சானின் கைக்கு அடியில். அழகுபாண்டி பிரேக்கை மிதித்துப் பிடித்தார், காலை எடுத்தால் மறுபடி உருளும். மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

தமிழ்ச்செல்வி மணியைப் பார்த்தாள், அண்ணன் கையைப் பார்த்தாள். அண்ணன் போனாலும் போச்சு, நேரம் போனாலும் போச்சு, இரண்டும் போகாமல் இருக்க அவள் கையில் இருந்தது குழந்தை மட்டும்தான். தட்டை மதினி மடியில் தள்ளிவிட்டு, பவதாரிணியை ஆர்ம்ரெஸ்டுக்கு மேலாகத் தூக்கி நீட்டினாள்.

"அண்ணே, இவளைப் பிடி. கோயில்ல புது ஆளுன்னு அழுவா. இப்பவே உன் மடி பழகட்டும்."

"முறைப்படி அங்க..." என்று காசிமாயன் ஆரம்பிப்பதற்குள் குழந்தை அவர் மடியில் இறங்கி மீசையைப் பிடித்துவிட்டது. விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அதன் முகத்தைப் பார்த்தார்.

"நம்ம அம்மா மூக்கு," என்றார். பின்னால் தமிழ்ச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழகுபாண்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் எடுத்து, அன்று முதன்முறையாக இரண்டுக்கு மாற்றினார். கார் மேலே ஏறியது.

ராகு காலத்துக்கு முன்பே காது குத்தியாயிற்று. விருந்துக்குப் பிறகு ஆண்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். இப்பேர்ப்பட்ட பயணம் எப்படிச் சாத்தியமாயிற்று என்று அழகுபாண்டி விளக்கவுரை ஆற்றினார். "எல்லாம் இந்த ஆர்ம்ரெஸ்ட் நிர்ணயம்தான்." காசிமாயன் எழுந்து வழிமொழிந்தார். "என் மாப்ள எனக்குன்னே செஞ்சது. வேற எந்த மாப்ள செய்வாரு?" வந்திருந்த பங்காளிகள் ஒவ்வொருவராக ஏறி முழங்கையை வைத்துப் பார்த்து இறங்கினார்கள். அழகுபாண்டிக்கு ஒரு துண்டு போர்த்தப்பட்டது. பெண்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்ததால் அந்த விழாவில் கலந்துகொள்ள இயலவில்லை.

திரும்பும்போதும் அதே இருக்கை வரிசை. தூங்கிப்போன பவதாரிணி தமிழ்ச்செல்வியின் மடிக்கே வந்துவிட்டாள்.

"மச்சானுக்குன்னு தனியா இன்னொண்ணு மாட்டப் போறேன்," என்றார் அழகுபாண்டி.

"அப்படியே பின்னாடிக்கும் ஒண்ணு போடுங்களேன்," என்றாள் தமிழ்ச்செல்வி. "காலையில இருந்து பிள்ளையை வச்சுக்கிட்டு கை விட்டுப்போகுது."

முன்சீட்டு இரண்டும் சிரித்தன.

"பின்னாடி எதுக்கு?" என்றார் அழகுபாண்டி. "நீங்க என்ன கியரா போடுறீங்க?"

"காலையில பாலத்துல நான்தாங்க போட்டேன். நீங்க ரெண்டு பேரும் கையைத்தான் வச்சிருந்தீங்க."