இரண்டாவது பார்வையாளர்

முப்பத்தொரு சதவீதம்.

மனோதத்துவம் மறுபடி கூட்டிப் பார்த்தான். அதே முப்பத்தொன்று. கண்ணைக் கட்டிக்கொண்டு குறித்திருந்தால்கூட முப்பத்துமூன்று வந்திருக்கும்.

அவனுடைய சொந்தப் பெயரை அலுவலகத்தில் இப்போது யாரும் சொல்வதில்லை. பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளிவிட்டு, மாலையில் உளவியல் முதுகலை படிக்கக் கிளம்பிய வாரமே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மற்ற தாள்களில் எல்லாம் தேறிவிட்டான். ஆராய்ச்சி முறைகள் என்ற ஒன்றுதான் போன வருஷம் காலை வாரியது. இந்த முறையும் போனால் பட்டம் கிடையாது.

இதற்காக அலுவலகத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டிருந்தான். செய்ய வேண்டியது என்னவோ சின்ன வேலை. நூலக வாசலில் காவலாளி "வாங்க, வாங்க" என்று கதவைத் திறந்துவிடுகிறார். வருகிறவர் மனதாரச் சிரித்தால் ஒன்று. மரியாதைக்குச் சிரித்தால் இரண்டு. சிரிக்கவே இல்லையென்றால் மூன்று. இதை ஒரே ஆள் குறித்தால் அது அவருடைய கற்பனையாகப் போய்விடலாம். ஆகவே இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து, எண்பது சதவீதமாவது ஒத்துப்போக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்.

இரண்டாவது பார்வையாளராக வருவதாக இருந்த வகுப்புத் தோழன் காய்ச்சலில் படுத்துவிட்டான். கேட்டவுடன் கிடைத்த ஒரே ஆள் மனைவி. தையல் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள்.

"அந்த வழுக்கைத் தலைக்கு ஏன் மூணு போட்ட? வாயெல்லாம் பல்லா உள்ள போனாரே!"

"அவருக்குப் பல்லே அப்படித்தாங்க. வாய் மூடாது."

"கண்ணைப் பாரு. ஓரத்துல சுருக்கம் விழுந்தா அது நிஜச் சிரிப்பு."

"அப்ப எழுபது வயசுக்காரங்கல்லாம் நாள் பூரா சிரிச்சுக்கிட்டே இருக்காங்களா?"

வரையறை போதவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. பாடப்புத்தகமும் அதையேதான் சொன்னது. சிரிப்பு என்றால் என்ன என்று மூன்று பக்கம் எழுதி மறுநாள் அவள் கையில் கொடுத்தான்.

இருபத்தாறு.

"நீங்க எழுதினதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆறு பேர் உள்ள போயிட்டாங்க. அதுல நாலு பேர் வெளியவும் வந்துட்டாங்க."

சரி, கோணம்தான் கோளாறு. பெஞ்சைக் கதவை ஒட்டி இழுத்துப் போட்டான். இருவருக்கும் இனி ஒரே முகம் ஒரே மாதிரி தெரியும். முகங்களுக்கும் இவர்கள் நன்றாகத் தெரிந்தார்கள். ஒருவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது கேட்டார். ஒருவர் கழிப்பறைக்கு வழி கேட்டார். ஓர் அம்மாள் தூங்குகிற குழந்தையை அவன் மனைவி மடியில் வைத்து, "ரெண்டே நிமிஷம்" என்று உள்ளே போய் ஒரு நாவலில் பாதியைப் படித்துவிட்டு வந்தார்.

பதினெட்டு.

"சார், என் வேலைக்கு உலை வச்சிராதீங்க," என்றார் காவலாளி. பெஞ்சு பழைய இடத்துக்கே போனது.

அன்று மாலை, சாப்பாட்டு மேசையில் கல்யாண ஆல்பத்தை விரித்தான். பயிற்சி.

"இது?"

"ரெண்டு."

"அது எங்க அம்மாடீ!"

"அதான் ரெண்டு."

"இது நான். சொல்லு."

அவள் படத்தைச் சாய்த்துப் பார்த்தாள். "மூணு. பசி."

"கல்யாணத்தன்னைக்கு நான் சிரிக்கலைங்கற?"

"சாப்பிட்டதுக்கு அப்புறம் எடுத்ததுல ஒண்ணு போடலாம்."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்குத் துணிதான் தெரியும். மனுஷ முகத்தைப் படிக்கிறது வேற வித்தை. அது உனக்கு வராது."

அவள் ஆல்பத்தை மூடி வைத்தாள். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போகும்போது கேட்டாள்.

"இது போச்சுன்னா அவ்வளவுதானா? மறுபடி எழுத முடியாதா?"

"முடியாது. ரெண்டு வருஷமும் தண்டம்."

"நாளைக்கு வர்றேன்," என்றாள்.

வியாழக்கிழமை தொண்ணூற்றுநான்கு.

அவன் மூன்று முறை கூட்டினான். பெருக்கினான். வகுத்தான். தொண்ணூற்றுநான்கு அசையவில்லை.

"பாத்தியா? எல்லாம் பயிற்சி!"

"ஆமாங்க."

அந்தப் பாடம் எடுக்கும் பேராசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னான். அவர் எண்ணை மறுபடி சொல்லச் சொன்னார்.

"ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?"

"ஆமா மேடம்."

"எங்க வீட்டுல மணி என்னன்னுகூட நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனதில்ல. நாளைக்கு நான் நேர்ல வந்து பாக்கறேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். மனைவி முறைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கும் கடை சாத்த வேண்டும்.

"ஒரு வாரத்துக்குக் காஜா நான் எடுக்கறேன்," என்றான்.

"நீங்க எடுத்தா பட்டன் நுழையாது. வர்றேன், விடுங்க."

வெள்ளிக்கிழமை பேராசிரியை, கள்ள நோட்டுப் பிடிக்க வந்தவர் மாதிரி வந்தார். இருவரையும் பெஞ்சின் இரு முனைகளில் உட்கார வைத்தார். நடுவில் நூலகத்தின் ஆகப்பெரிய அகராதியை நிறுத்தினார். அடுத்தவர் தாள் தெரியாது. பேசக்கூடாது. இருமக்கூடாது. பின்னால் நின்றுகொண்டு இரண்டு பேனாக்களையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மனோதத்துவமோ கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு சிரிப்பு தப்பினாலும் பட்டம் தப்பிவிடும்.

மதியம் பேராசிரியை தாள்களை வாங்கித் தானே கணக்குப் போட்டார்.

தொண்ணூற்றாறு.

"நம்பவே முடியலை," என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்படிப் பயிற்சி கொடுத்தீங்க?"

"முகத்தைப் படிக்கறதுக்குன்னு ஒரு முறை இருக்கு மேடம்," என்று ஆரம்பித்தான். சுருக்கங்களின் வகைகளைச் சொன்னான். மூன்று பக்க வரையறையைச் சொன்னான். அம்மாவின் படத்தை மட்டும் விட்டுவிட்டான். மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கடைக்கு ஆளுங்க வந்திருப்பாங்க, நான் கிளம்பறேங்க," என்று நாலு எட்டு வைத்துவிட்டாள்.

"அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கு நீங்களே வந்து ஒரு வகுப்பு எடுங்க," என்று பேராசிரியை பேனாவைத் திறந்தார். கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டபடியே, மரியாதைக்காகக் காவலாளி பக்கம் திரும்பினார். "இவங்களால உங்களுக்கு ஏதும் இடைஞ்சல் இல்லையே?"

"எனக்கென்ன இடைஞ்சல் மேடம்? சார் கதவையே பாத்துட்டு, வர்றவங்க எப்படிச் சிரிக்கறாங்களோ அப்படியே தானும் சிரிச்சுட்டிருப்பாரு. அந்தம்மாதான் ரெண்டு நாளா ஒரு தடவகூட இந்தப் பக்கம் திரும்பாம சார் மொகத்தையே பாத்து, அவரு கண்ணோட சேத்து சிரிச்சா ஒண்ணு, வாயை மட்டும் இழுத்தா ரெண்டுன்னு போட்டுக்கிட்டே இருந்தாங்க."