கதாநாயகிக்காகக் கொடுத்த ஏத்தன்குலை

“ஏட்டி, இந்தத் தலையணைய நீ வாசிச்சு முடிக்கதுக்குள்ள உனக்குக் கல்யாணப் பிராயம் கழிஞ்சிரும்!”

என் கையிலிருந்த நாவலைப் பார்த்து ரோஸ்லி சித்தி சொன்னது. அம்மாவோடு அண்டி ஆபீஸில் முந்திரி உடைப்பவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். (அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் வேறு. தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்!) விடுவேனா? ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் இருவரையும் உட்காரவைத்துச் சத்தமாக வாசித்தேன்.

வேலை தேடிச் சென்னைக்குப் போன ஒரு பெண்ணின் கதை. டிராம் ஓடிய காலத்துச் சென்னை. கதை முடியும் தறுவாயில் அவளுக்கு விஷக்காய்ச்சல். அம்மா பொறுக்கமாட்டாமல் பெண்கள் ஜெபக்கூட்டத்தில், “பட்டணத்துல காய்ச்சலாக் கிடக்க ஒரு பிள்ளைக்கு” என்று விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். மூன்று வாரம் சபையே ஜெபித்தது. நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். செத்துப்போகிறாள்!

சபையே மன்றாடும்போது நான் எப்படிக் கொல்வது? இருபது பக்கங்களை விழுங்கிவிட்டு, அவளைக் குணமாக்கி, டீச்சர் வேலையும் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு அம்மா ஸ்தோத்திரக் காணிக்கையாக ஆலயத்தில் ஒரு ஏத்தன்குலை (நேந்திரம்பழத் தார்) வைத்தாள்.

பிறகு அந்த நாவல் படமாக வந்தது. “நம்ம பிள்ளைக்க படம்” என்று அம்மா எங்களை நாகர்கோவிலுக்கு இழுத்துப் போனாள். டிராம் மெட்ரோவாகியிருந்தது, கடிதங்கள் வாட்ஸ்ஆப் ஆகியிருந்தன. “காலம் மாறிப்போச்சில்லா” என்று அம்மா பெருந்தன்மையாக மன்னித்தாள். காய்ச்சல் மட்டும் மாறவில்லை. கதாநாயகி கண்ணை மூடியதும் அம்மா எழுந்து நின்றாள்.

“கள்ளம்! அவ சாவல்ல! எனக்க மவ வாசிச்சாளாக்கும்!”

“உக்காருங்கம்மா” என்றார் பின்னாலிருந்தவர்.

“நீரு அந்தப் புத்தகத்த வாசிச்சீரா? எனக்க மவ வாசிச்சா!”

தியேட்டரே என்னைப் பார்த்தது.

வெளியே வந்ததும், “படம் எடுத்தவனுக்கு வாசிக்கத் தெரியல்ல, இல்லியா மக்கா?” என்றாள். ஆமாம் என்றிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அம்மாவுக்கு உலகத்து எழுத்தெல்லாம் என் வாய் வழியாகத்தான் வருகிறது.

“நான்தான் அம்மா மாத்தி வாசிச்சேன்.”

ரோஸ்லி சித்திதான் முந்திக்கொண்டாள்: “அப்பம் அந்தக் குலை?”

அம்மா வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு விடுவிடென்று நடந்தாள். பஸ் புறப்பட்டதும் சொன்னாள்: “நீ சொன்ன கதைக்காக்கும் குலை குடுத்தது. கர்த்தரிட்டத் திருப்பிக் கேக்க முடியுமா? அந்தக் கதைய நீயே எழுதிரு.”

இன்றும் நான் மருந்துச் சீட்டை வாசித்தால்கூட, “இது சீட்டுல உள்ளதா, உனக்க கைச்சரக்கா?” என்று இருவரும் கேட்காமல் விடுவதில்லை.

எழுதத் தொடங்கிவிட்டேன். நாற்பது பக்கம் ஆகிறது. இதுவரை யாருக்கும் ஜலதோஷம்கூட வரவில்லை.