ரேக்குக்குப் பின்னால் நின்ற காத்து

மலாக்கா மாநிலத்தில் வீசுகிற காற்று முழுவதும் தன்னைக் கேட்டுவிட்டுத்தான் வீச வேண்டும் என்று நம்பிய மனிதர் ஒருவர் உண்டு. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எங்கள் ஆலையில் எவருக்கும் தெரியாது. வாசலில் காவல் நிற்கும் ஜாகாகூட கேட்டைத் திறந்துவிட்டு, உள்ளே போன் போட்டு, "காத்து வருது" என்றுதான் சொல்வார். நாங்கள் காத்து அண்ணன் என்போம்.

புக்கிட் ரம்பாயில் போத்தல் மூடி செய்யும் ஆலை எங்களுடையது. நான் அங்கே ஸ்டோர் கிளார்க். ஆலையின் கணினிகள், கேமராக்கள், கைரேகை இயந்திரம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைக்கும் தட்டையான பெட்டிகளுக்கு சுவிட்ச் என்று பெயர். சுவரில் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை, இது வேறு சாதி. அவற்றை அடுக்கி முடுக்கிவைக்கும் ஆள் உயர இரும்புச் சட்டம்தான் ரேக். அதை நிறுத்தியதும் பராமரிப்பதும் காத்து அண்ணன். செங் என்ற ஊரில் குடியிருந்துகொண்டு இன்னும் பல ஆலைகளுக்கும் போய் வருவார்.

அவருடைய வேதம் மிகச் சிறியது. "காத்து முன்னால வரணும், பின்னால போவணும். நடுவுல யாரும் நிக்கக் கூடாது. அவ்வளவுதான்லா வாழ்க்கை."

இதை ரேக்கோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் எழுத வேண்டிய அவசியமில்லை. விருந்துக்குப் போன வீட்டில் முதலில் குளிர்பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துப் போடுவார். பிறகுதான் வீட்டுக்காரரை நலம் விசாரிப்பார். ரேக்கில் கனமான பெட்டி அடியிலும் லேசானது மேலேயும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்துவிடும் என்பது இன்னொரு விதி. தெங்கேராவில் அவர் சொந்தத்தில் ஒரு கல்யாணம். குடும்பப் படம் எடுக்கும்போது இவர் உள்ளே புகுந்து, மாப்பிள்ளையின் பெரியப்பாவை மேடையிலிருந்து இறக்கித் தரையில் உட்கார வைத்துவிட்டார்.

"யோவ், என்னை எதுக்குக் கீழ இறக்கிற?"

"மேல வச்சா சாஞ்சிரும் பெரியப்பா."

பாயசம் வந்த பிறகுதான் சமாதானம் ஆயிற்று. அந்தப் படம் இன்றும் இருக்கிறது. பெரியப்பா அதில் சிரிக்கவில்லை.

அவரை நான் முதன்முதலில் பார்த்தது தைப்பூசத்துக்கு முந்திய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ரேக் முன்னால் நின்று கடிகாரத்தைக் கழற்றினார். மோதிரத்தைக் கழற்றினார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார். எல்லாவற்றையும் ஆணியில் மாட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கழிவறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் வெள்ளி அரைஞாண் தொங்கியது.

"அது உள்ளுக்குள்ளதானே அண்ணே இருக்கு?"

"உலோகம் கரண்டுக்குச் சொந்தக்காரன் தம்பி. கூப்பிட்டா எங்கேயிருந்தாலும் ஓடிரும்."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். சீனர், நல்ல மனிதர், கழுத்தில் நீளமான டை. விசிறிப் பக்கம் குனியப் போனவரைக் கையை நீட்டித் தடுத்து, "பாஸ், டை புக்கா டூலு" என்றார் அண்ணன். முதலில் அதைக் கழற்று என்று மலாயில் ஓர் உத்தரவு. மேனேஜர் டையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார். எங்கள் ஆலையில் அவரை உத்தரவு போட்டு அடக்கிய ஒரே ஆள் இவர்தான்.

பெட்டியைத் திறக்கும்போது மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார். அதிலிருந்து ஒரு சுருள் வயர் போய் ரேக்கின் இரும்பைக் கவ்வியிருக்கும். நம் உடம்பில் ஒட்டியிருக்கிற மின்சாரம் பெட்டிக்குள் பாயாமல் இரும்பு வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டுமாம். கேண்டீன் நடத்தும் பாக்கியம் அக்கா தே-ஓ என்கிற பால் விடாத தேநீரைக் கொண்டுவந்தவர், இதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"யாருலா அண்ணனைக் கட்டிப் போட்டது? புல்லு வச்சீங்களா, தண்ணி வச்சீங்களா?"

"சிரிக்காதமா. இங்க பாரு, பெட்டிக்கு ரெண்டு கரண்டு வயர் குடுத்திருக்கேன். ஒன்னு இந்தச் செவுரு, ஒன்னு அந்தச் செவுரு. ஒன்னு போனாலும் இன்னொன்னு காப்பாத்தும்."

"ரெண்டு வீடு வச்சிருக்கிற ஆம்பளை பேசுற மாதிரி இருக்குண்ணே."

"அட போமா. இருக்கிற ஒரு வீட்லயே எனக்குக் காத்து வரல."

இப்படிச் சிரிப்பும் தே-ஓவுமாக இருந்த உறவில், தீபாவளி முடிந்து மழை பிடித்த மாதத்தில் ஒரு சோதனை வந்தது. பிற்பகலில் திடீரென்று ஆலை முழுவதும் நெட்வொர்க் விழும். ரேக்கில் உள்ள பெரிய சுவிட்ச் சூடு தாங்காமல் தானாகப் படுத்துக்கொள்ளும். அண்ணன் வேறு ஆலையில் வேலையை முடித்துவிட்டு மாலையில் வந்து சேர்வதற்குள் அது ஆறி, எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

விசிறியை மாற்றினார். தூசி தட்டினார். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே திறந்து கிடந்த இடத்தைத் தகடு போட்டு மூடினார். மறுபடியும் விழுந்தது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை வெளிநாட்டிலிருந்து ஆட்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்கள், அன்றைக்கும் விழுந்தால் தலைநகரத்து கே.எல். கம்பெனியிடம் வேலையைக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் ரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "மத்த ஆலையெல்லாம் வேலை தம்பி. இதுதான் நான் சொந்தமா தரையில போல்ட் அடிச்சு நிறுத்துன மொத ரேக்கு. இன்னொருத்தன் வந்து இதைத் தொடுறதை நான் பாக்கணுமா?"

அவர் குரல் இறங்கி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பேச்சை மாற்ற, "என்னதான்ணே கோளாறு?" என்றேன்.

"பின்னால காத்து நிக்குது தம்பி. போவ வழியில்லாம அங்கேயே சுத்துது. எவ்வளவு சூடு, எவ்வளவு கோபம்! கிட்டப் போனா ஒரு புளிச்ச வாடை வேற வருது."

எங்கள் பின்னால் தே-ஓ கோப்பைகள் கடகடவென்று ஆடின. பாக்கியம் அக்கா தட்டைப் பிடித்தபடி கண்களை விரித்து நின்றிருந்தார். அக்கா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தில் காத்து என்றால் மரத்தை ஆட்டுவது மட்டுமல்ல. உச்சிவேளையில் தனியாக நடக்கிறவளைப் பிடிப்பதும், சாமியாடிக்கு அடங்காததும் அதுதான். அண்ணன் சொன்னது வேறு காத்து என்று விளக்க எனக்குத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் பாதிக் கதை மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் காலை ரேக்கின் நெற்றியில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கின. காற்று உள்ளே போகிற துளைகள் முழுவதும் திருநீறு. அண்ணன் சின்ன பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு துளையாகத் துடைத்தார்.

"யாருலா இது? மூக்குல திருநீறு அடைச்சா எந்தப் பிள்ளைக்குத்தான் மூச்சு முட்டாது?"

நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு அவர் இதைக் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எனக்குக் கிழமை பார்க்கிற புத்தி உண்டு. எது எந்தக் கிழமை நடந்தது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. யோசித்துப் பார்த்தேன். சுவிட்ச் விழுந்ததெல்லாம் திங்களும் வியாழனும் மட்டுமே. இதைச் சொன்னதும் அண்ணன் என் தோளைத் தட்டினார். "கோளாறு கிழமை பார்க்காது தம்பி. கிழமை பார்த்தா, அது ஆளு."

வியாழக்கிழமை மதியமே வந்துவிட்டார். ரேக்கின் முதுகுப் பக்கம் ஒரு குறுகிய சந்து. கேண்டீனின் உடைந்த நாற்காலிகள் கிடக்கும். எட்டிப் பார்த்தார், ஒன்றுமில்லை. முன்பக்கம் வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மாடியில் வெளிநாட்டவர்கள் பெரிய திரையில் தங்கள் ஊர் அலுவலகத்தோடு பேசத் தொடங்கியிருந்தார்கள். விசிறிச் சத்தம் மெல்ல ஏறியது. அண்ணன் எழுந்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனார். நான் பின்னால் போனேன்.

ரேக்கின் முதுகோடு முதுகாக ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. தலையோடு போர்த்திய கம்பளி. அதற்கு மேல் வெள்ளைத் துணி. உச்சியில் வேப்பிலைக் கொத்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருவம் மெதுவாகப் பெருமூச்சு விட்டு, உச்சியைத் தூக்கியது.

வாழ்நாள் முழுவதும் காற்றைக் கட்டி மேய்த்த மனிதர், "முருகா!" என்று கத்திக்கொண்டு என் மேல் ஏறினார்.

சத்தம் கேட்டு கேண்டீன் பக்கக் கதவைத் திறந்துகொண்டு பாக்கியம் அக்கா ஓடிவந்தார். "ஐயோ அண்ணே, தொடாதீங்க! என் மாவு!"

திங்களும் வியாழனும் நைட் ஷிப்டுக்குத் தோசை. மழை நாளில், காலையில் அரைத்த மாவு மாலைக்குள் புளிக்க மறுக்கிறது. ஆலையில் எப்போதும் கதகதப்பான இடம் ரேக்கின் முதுகு என்று அக்கா கண்டுபிடித்திருந்தார். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் நாற்காலியில் பானையை வைத்துப் போர்த்திவிடுவார். மாலையில் எடுத்துவிடுவார். "காத்து நிக்குதுன்னு நீங்க சொன்னீங்களே, மாவைப் புடிச்சிரக் கூடாதுன்னுதான் இன்னைக்கு இன்னொரு கம்பளி போட்டு வேப்பிலை சொருகினேன்."

மாவு பொங்கி, நாற்காலிக் கால் வழியாகத் தரையில் கிடந்த பிளக் பலகையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணன் பழைய அண்ணனாகிவிட்டார்.

"ஈரக் கையோட யாரும் கிட்ட வராதீங்க." சுவர் சுவிட்சை அணைத்தார். பிறகு அந்தப் பக்கத்து வயரைப் பிடுங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பச்சை விளக்குகள் அப்படியே இருந்தன. இன்னொரு சுவரிலிருந்து வந்த வயர் தாங்கிக்கொண்டிருந்தது. அக்கா பானைக்குக் குனிய, "ஒத்தையா தூக்காதமா! கனமான சாமான், ரெண்டு பேரு!" என்று அதட்டினார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கிய மறுகணம் சந்தில் சூடாக ஒரு காற்று பீறிட்டு ஓடியது.

கதவருகே மேனேஜர் நின்றிருந்தார். டை சட்டைக்குள் இருந்தது. "என்ன சத்தம்? என்ன பானை?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழியெல்லாம் அவர் தலையிலிருந்து இறங்கிவிடும்.

"அங்கின் பாஸ்," என்று காத்துக்கு மலாய்ச் சொல்லில் தொடங்கினார். "காத்து அடைச்சிருந்தது. எடுத்துட்டேன். இனிமே விழாது."

"பானை?"

"எனக்குச் சாப்பாடு."

"ஒரு பானையா?"

"பசி, பாஸ்."

மேனேஜர் பானையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மேலே போய்விட்டார். அன்றைக்கு நெட்வொர்க் விழவில்லை. அதன் பிறகும் விழவில்லை. கே.எல். கம்பெனியும் வரவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் கேண்டீனுக்கு ஒரு பழைய மர அலமாரி கொண்டுவந்தார். உள்ளே ஒரு குண்டு பல்பு, முன்னால் துளை, பின்னால் துளை. பெரிய பானைக்கு அடித்தட்டு, சின்னதுக்கு மேல்தட்டு. "இதுதான்மா மாவு ரேக்கு" என்று திறந்து காட்டினார். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைத்தார்.

இப்போது அவர் வருகிற திங்கட்கிழமைகளில் அக்கா முதல் தோசையைத் தட்டில் போடுவதில்லை. இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறார். கண் கண்ணான ஓட்டைகளின் வழியே அந்தப் பக்கம் அண்ணன் முகம் தெரியும்.

"பாத்துக்குங்கண்ணே. முன்னால வருது, பின்னால போவுது."

நானும் அன்றைக்கெல்லாம் ஸ்டோரில் என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துவிடுகிறேன். மழைச் சாரல் அடிக்கிறதே, எதற்கு என்று கேட்பார்கள். காத்து வரும் என்பேன்.