மாடு ஏறாத வீடு

‘வீட்டைக் கட்டிப் பார்’ என்று சொல்லிவைத்தவர்கள், கட்டுவதற்கு முன் யாரையெல்லாம் கேட்க வேண்டும் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். நான் கணக்கு டீச்சர். எனக்கு யாரும் விடை சொல்லித்தர வேண்டியதில்லை என்று நம்பிக்கொண்டிருந்த வயது அது.

அப்போது நான், கணவர், மாமியார் மூவரும் பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்கு இருந்தோம். ஓரிக்கையில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டலாம் என்று முடிவானதும், பிளான் போடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். (இன்ஜினியர் கையெழுத்து மட்டும் போட்டார். அவருக்கும் என்னிடம் பயம்தான்.) கிராஃப் நோட்டில் பதினோரு பிளான் வரைந்து, பதினொன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். கீழே முழுக்கக் கார் நிறுத்தும் இடம்; வீடு மொத்தமும் மாடியில். பாலாற்றில் வெள்ளம் வந்தால் உள்ளே வராதே! தண்ணீர் வந்தாலே ஊர் திரண்டு வேடிக்கை பார்க்கப் போகும் ஆறு அது. காரும் எங்களிடம் இல்லை. ஆக, வராத வெள்ளத்துக்கும் வாங்காத காருக்கும் கீழ்த்தளத்தை எழுதிவைத்துவிட்டேன்.

மேஸ்திரி ஒருநாள் தலையைச் சொறிந்தார். “ஏம்மா, கீழ சின்னதா ஒரு ரூம் போட்டுக்கலாமே?”

“எலிவேஷன் கெட்டுடும் மேஸ்திரி.” (வீட்டின் முகப்புத் தோற்றத்துக்கு அப்படிப் பெயர். அந்த வார்த்தையை நான் கற்றுக்கொண்டு பத்து நாள்தான் ஆகியிருந்தது.)

படிக்கட்டுதான் என் பெருமை. கறுப்பு கிரானைட்டில் பதினெட்டுப் படிகள். மாடர்னாக இருக்கட்டும் என்று படிக்கும் படிக்கும் நடுவே அடைக்காமல் இடைவெளி விட்டிருந்தேன்.

அத்தையைக் கேட்காமல் இல்லை. பூஜை அறைக்கு என்ன நிறத்தில் டைல்ஸ் போடலாம் என்று கேட்டேன். “உனக்குத் தெரியாததாம்மா?” என்றார். அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். கட்டும்போது பலமுறை வந்தார். மணல் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார். “நல்லா இருக்குதும்மா,” என்பார்.

கிரகப்பிரவேசத்தன்று சொந்தபந்தமெல்லாம் வந்து நின்றது. முதலில் மாடு உள்ளே போக வேண்டும். பக்கத்துத் தெருப் பால்காரர் தன் பசுவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து ஓட்டிவந்தார். அது முதல் படியில் ஒரு காலை வைத்தது. வழுக்கியது. இடைவெளி வழியாகக் கீழே பார்த்தது. காலை எடுத்துக்கொண்டது.

வாழைப்பழம் காட்டினோம், அகத்திக்கீரை காட்டினோம். பழத்தையும் கீரையையும் தின்றுவிட்டு அங்கேயே நின்றது. நான் வகுப்பறைக் குரலில், “ம், ஏறு!” என்றேன். என் வகுப்பில் யாரும் என்னை அவ்வளவு அலட்சியமாகப் பார்த்ததில்லை.

“பின்னால தள்ளுங்கண்ணா!” என்றேன்.

“தள்ளக் கூடாதும்மா, காலை ஒடிச்சிக்கும்,” என்றார் பால்காரர். “சந்துல தரை தெரியுது, அதுக்கு பயம். ஏறினாலும் எறங்காது.”

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான், கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த அத்தை மெதுவாகச் சொன்னார்: “விடும்மா. அதுவும் எங்கூடக் கீழவே இருக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தையின் அக்கா மட்டும் ஊருக்கே கேட்கும்படி, “மாமியாரைக் கீழ வுட்டுட்டு மேல வூடு கட்டிக்கினா பாரு, கெட்டிக்காரி!” என்றார்.

என் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அத்தை ஒருநாளும் மாடி ஏறியதில்லை. முப்பது வருஷம் தறியில் மிதித்து மிதித்து முட்டி தேய்ந்தவர். தினமும் சாயங்காலம் அந்த முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டவள் நான்தான். தேய்த்த கையைக் கழுவிவிட்டு வந்துதான் பதினெட்டுப் படி வரைந்தேன். அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

அடுப்பைக் கீழே இறக்கச் சொன்னேன். கார் நிறுத்தும் இடத்திலேயே பால் காய்ச்சினோம், அத்தைதான் பற்றவைத்தார். பால் பொங்கிய அதே நேரத்தில், கார் நிற்க நான் அளந்துவைத்த இடத்தின் நட்டநடுவில் பசு சாணம் போட்டது. “மகாலட்சுமி!” என்று சொந்தக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எல்லோரும் போனபின் அத்தையிடம் கேட்டேன். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தே?”

“நீ நோட்டுல வரைஞ்சிக்கினு இருக்கச்சொல்ல உன் மூஞ்சி எவ்ளோ சந்தோஷமா இருந்துது தெரியுமா? அதைப் போய் கெடுக்கணுமா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பன்னிரண்டாவது பிளானை அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வரைந்தேன். கார் நிறுத்தும் இடத்தில் ஓர் அறை, குளியலறை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். அது முடியும்வரை நாங்கள் யாரும் குடிபோகவில்லை. மேஸ்திரி சுவர் எழுப்பிக்கொண்டே, “எலிவேஷன்...” என்று இழுத்தார்.

“வாயைத் திறக்காதீங்க மேஸ்திரி.”

அதற்கப்புறம் கார் வாங்கினோம். அது தெருவில்தான் நிற்கிறது. பால்காரரின் மாடுகள் அதில் முதுகு சொறிந்துகொள்கின்றன. வீட்டில் நான் எதை முடிவு செய்தாலும் கணவர், “மாட்டைக் கேட்டாச்சா?” என்பார்.

போன மாதம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். பால்கனியில் நின்று, முன்பக்கத்துக்கு இந்தப் பச்சை, கீழ் அறைக்கு அந்த மஞ்சள் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே ஜன்னலிலிருந்து, “ம்மாஆஆ” என்று ஒரு சத்தம்.

எட்டிப் பார்த்தேன். மாடு இல்லை, அத்தை.

கலர் கார்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.