கண்ணாடி தாண்டாத கண்டம்

மீன் செத்தால் வீட்டில் வருத்தப்படுவார்கள் என்று யார் சொன்னது? அந்தத் தெருவில் மீன் செத்தால் சிரிப்பார்கள். "எங்க வீட்ல நேத்து மூணு போச்சு!" என்று ஒருத்தர் பெருமையடிப்பார். "எங்களுக்கு நாலு!" என்று எதிர்வீட்டுக்காரர் மார்தட்டுவார். எவன் வீட்டுத் தொட்டியில் மீன் உயிரோடு நீந்துகிறதோ, அவன் தலையைத் தொங்கப்போட்டு நடப்பான்.

எல்லாம் தொட்டி ஞானியின் அருள். வண்ணமீன் கடைக்காரர். வியாபாரம் படுத்தது, ஞானம் எழுந்து உட்கார்ந்தது. வீட்டுக்கு வரும் கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டு சாகும், அதற்கு எந்த மீனோடு எந்த மீனைச் சேர்ப்பது என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்றார். அவ்வளவுதான்! கடை திறக்குமுன்னே வரிசை. படித்தவன், படிக்காதவன், பரீட்சைக்குப் படிக்காதவன், எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் பை.

கண்ணாடி வெட்டும் தொழிலாளி ஒருவரும் அந்த வரிசையில் நின்றார். அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல். ஸ்கேனில் ஏழு. திங்கட்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞானி கண்ணை மூடித் திறந்தார்.

"ஏழு கல்லா? ஏழு கப்பி மீன். காவலுக்கு ஒரு ஆஸ்கர் மீன். ஒரு கப்பி போனா ஒரு கல்லு போச்சு. கத்தி எதுக்கு?"

கப்பி சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஆஸ்கர் உள்ளங்கை அகலம். அதில் பாதி வாய். பாலுக்குப் பூனை காவல்!

இரண்டே நாளில் ஐந்து கப்பியைக் காணோம். செதில்கூட மிஞ்சவில்லை. கணவர் குதித்தார்.

"அஞ்சு கல்லு அவுட்டு! கண்டம் மீனை உடம்போட எடுத்துட்டுப் போயிருக்கு பாரு!"

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டிருந்தாள். "அப்ப வலி ஏன் ஏறுது?"

"போற கல்லு சும்மாவா போகும்? டாக்டர்கிட்ட திங்கக்கிழம வரலைன்னு சொல்லிட்டேன்."

கல் குத்தியதைவிட இது அதிகமாகக் குத்தியது. அவர் வேலைக்குப் போனதும் எழுந்து தொட்டியைப் பார்த்தாள். ஆஸ்கரின் வயிறு உப்பியிருந்தது. ஐந்து கல்லும் எங்கே போயிற்று என்று விளங்கிவிட்டது. கணவர் தொட்டி செய்தபோது மிஞ்சிய கண்ணாடித் துண்டு மூலையில் கிடந்தது. அதைத் தொட்டியின் நடுவே செருகினாள். இந்தப் பக்கம் ஆஸ்கர். அந்தப் பக்கம் இரண்டு கப்பி.

மூன்று நாள் ஆயிற்று. கப்பி சாகவில்லை. காலமெல்லாம் கண்ணாடியோடு புழங்கும் மனிதர், தண்ணீருக்குள் நிற்கும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பக்தி முற்றினால் பார்வை எங்கே நிற்கும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஞானியிடம் ஓடினார். ஞானி வந்தார், பின்னாலேயே பாதித் தெரு வந்தது.

"ரெண்டும் முரட்டுக் கல்லு. என் கண்ணு முன்னாலயே போகும், பாருங்க!" ஞானி கையை உயர்த்தினார்.

ஆஸ்கர் பசியில் பாய்ந்தது. டொக்! மறுபடி பாய்ந்தது. டொக்!

"ஆகா, கண்டம் மோதுது!" என்று கூட்டம் கும்பிட்டது.

"கண்டம் இல்லீங்க, மூக்கு." மனைவி சுவரைப் பிடித்தபடியே வந்து கண்ணாடியின் விளிம்பைத் தட்டிக் காட்டினாள். "நடுவுல இது நிக்குது. ஏங்க ஞானி, உங்க கண்டத்துக்கு ஒரு கண்ணாடியைத் தாண்டத் தெரியாதா?"

ஞானி தொண்டையைச் செருமினார். "நம்பிக்கை இல்லாத வீட்டுல..."

"இருங்க, நான் முடிச்சுக்கிறேன். தினம் உங்க கடை வழியாத்தான் போறேன். அங்க சின்னதோட சின்னது, பெருசோட பெருசு, சண்டைக்காரனுக்குத் தனித் தொட்டி. ஒண்ணும் சாகறதில்ல. எது எதோட ஒத்துப்போகும்னு அத்தனையும் தெரிஞ்சுக்கிட்டு, எங்களுக்கு மட்டும் மீனையும் எமனையும் ஒரே பையில போட்டுக் கட்டி அனுப்புறீங்க. ஏன், உங்களுக்குக் கண்டமே வராதா?"

கூட்டத்தில் ஒருத்தர் விரல்விட்டு எண்ணினார். "அப்ப எங்க வீட்டு நாப்பது மீனும்?"

"தீனிதான்!" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

எல்லோரும் மெதுவாக ஞானியின் பக்கம் திரும்பினார்கள். அவர் வாசலைப் பார்த்தார். வழி இல்லை. கண்டம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவருக்கு உண்மையாகவே விளங்கியது.

கணவர் தலை நிமிரவில்லை. ஸ்கேன் காகிதத்தைத் தேடி எடுத்தார். "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். டாக்டர் கால்ல விழுந்தாவது நாளைக்கே வைக்கச் சொல்றேன்."

வண்டியில் ஏறப் போனவளிடம் ஒரு அம்மாள் ஓடி வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஏம்மா, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் குடுத்துட்டுப் போறியா? கண்டத்தையே தடுக்குதே!"

வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"பெரிய வாய்க்குப் பக்கத்துல சின்ன மீனை விட்டா காணாமத்தான் போகும். இதக் கண்டுபிடிக்க ஞானி வேணாம்க்கா, கண்ணு போதும். ஆளுக்கு ரெண்டு இருக்கு, ஒண்ணையாவது தொறங்க!"