பரண் மேல் டிரைவர்

பெயர்தான் இராஜாங்கம். ஆட்சி முழுக்க என் மனைவி குந்தவையிடம். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் நான் எதிர்க்கட்சியாகக்கூட இருந்ததில்லை. அப்படிப்பட்ட நான் போன ஐப்பசியில் ஒரு சபதம் எடுத்தேன். என் மச்சினன் தியாகராசனை வீட்டிலிருந்து கிளப்ப வேண்டும். வாயைத் திறக்காமல்.

அவன் குத்தாலத்திலிருந்து எங்கள் ஒரத்தநாட்டுக்கு வந்தது மாட்டு வைத்தியத்துக்கு. மாடு நாலு நாளில் தேறி, மினி லாரியில் ஊர் திரும்பிவிட்டது. மாட்டை ஓட்டி வந்தவன் மட்டும் இருபது நாளாக என் நாற்காலியில்.

வாய்ப்பு எல்.இ.டி. விளக்காக வந்தது. கூடத்துச் சீலிங்கைச் சுற்றிப் பட்டை விளக்கு வேண்டும் என்று குந்தவைக்கு ஆசை. நானே வயரிங் செய்கிறேன் என்றேன்.

"ஷாக் அடிச்சு வைக்கப் போறீங்க."

"இது வெறும் இருபத்துநாலு வோல்ட். கரண்ட்டக் குறைச்சுக் குடுக்குற பெட்டிக்கு டிரைவர்னு பேரு. சீலிங்குக்குள்ள வச்சா சூட்டுல போயிடும். தூரமா, பரண் மேல வைக்கணும்."

"டிரைவர் பரண்ல உக்காந்தா வண்டிய யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

"பாத்து ஓட்டுங்க," என்றாள்.

பரணிலிருந்து கூடத்துக்குப் போகும் வயரை, யாருக்கும் தெரியாமல் கொல்லைப்புறக் குளியலறை வழியாகச் சுற்றவிட்டேன். வாளிக்குப் பின்னால் ஒரு குமிழ். இந்தப் பக்கம் திருகினால் விளக்கு மங்கும். அந்தப் பக்கம் திருகினால் ஏறும்.

கதையும் தயார். "மாப்ள, இந்தக் கூடம் இருக்குற எடத்துல முன்ன ஒரு கிணறு இருந்துச்சு. தூத்துட்டுத்தான் கட்டுனோம். தூத்த கிணறு மழைக்காலத்துல மூச்சு விடுமாம்."

கிணறு நிஜம். மூச்சு என் சரக்கு.

ரெண்டு நாள் சாயங்காலம் குளியலறையில் உட்கார்ந்து திருகினேன். கூடத்தில் வெளிச்சம் தணிந்தது, ஏறியது, தணிந்தது. மூன்றாம் நாள் தியாகராசன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பயம் பிடித்துவிட்டது என்று உள்ளுக்குள் குதித்தேன்.

நாலாம் நாள் மத்தியானமே அடைத்துக்கொண்டு பெய்தது. வயலெல்லாம் ஏரி. ஆறு மணிக்கு மழை விட்டது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் இருந்தோம். என் கையில் காப்பி டம்ளர்.

விளக்கு மங்கியது.

நான் திருகவில்லை. குளியலறைப் பக்கம் யாருமே போகவில்லை. வெளிச்சம் மெல்ல இறங்கி, சிவந்த நூல் போல ஆகி, அப்படியே நின்றது. தூங்குகிறவனின் மார்பு மாதிரி பிறகு மெதுவாக ஏறியது. மறுபடி இறங்கியது. வெளியே தவளைச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"குந்தவ, லைட்டப் பாத்தியா?"

அவள் பூக்கட்டுவதை நிறுத்தாமல் தலையைத் தூக்கினாள். "லைட்டுக்கு என்ன?"

"மங்குது!"

"இல்லியே. பளிச்சுனு எரியுதே. தியாகு, உனக்கு மங்குதா?"

தியாகராசன் சீலிங்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இல்லக்கா. பளிச்சுனுதான் இருக்கு."

இருவர் முகத்தையும் இருட்டு பாதி தின்றிருந்தது. அந்தப் பாதி முகத்தோடு பளிச்சென்று எரிகிறது என்கிறார்கள்.

குளியலறைக்கு ஓடினேன். குமிழ் முழுசாக ஏற்றியபடியே இருந்தது. இறக்கிப் பார்த்தேன், ஏற்றிப் பார்த்தேன். கதவு வழியே தெரிந்த கூடத்து விளக்கு என்னைச் சட்டை செய்யவேயில்லை. அதன் பாட்டுக்கு மூச்சு விட்டது. உள்ளங்காலில் தரை சில்லென்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் லோடு லோடாக மண் கொட்டி மூடிய அந்தக் கிணற்றுக்குச் சரியாக நேர் மேலேதான் என் நாற்காலி கிடக்கிறது. முதல்முறையாக அது நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தால், தியாகராசன் பையோடு நிற்கிறான்.

"அப்ப நான் வரேன் மாமா. கடைசி பஸ்ஸப் புடிச்சிடுறேன்."

விளக்கு இறங்கியது. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள, போகாதீங்க!"

"உங்களுக்கு எதுக்கு மாமா தொந்தரவு..."

"என்ன தொந்தரவு? பொங்கல் வரைக்கும் இருங்க. கூடத்துலயே படுங்க. நானும் உங்க பக்கத்துல படுத்துக்கிறேன்!"

குந்தவை பூச்சரத்தை முடிந்தாள். விளக்கு பளிச்சென்று ஏறி நின்றது.

விடிந்ததும் முதல் வேலையாக டிரைவரைக் கழற்றிப் போட ஏணி வைத்துப் பரண் ஏறினேன். டிரைவரிலிருந்து வரும் வயர், நான் வைக்காத ஒரு சின்னப் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வந்தது. என் குளியலறை வயர் இரண்டு முனையும் வெட்டப்பட்டு, பத்திரமாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பெட்டி மேல் ரிமோட் படம்.

கீழே குந்தவை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூக்கூடையில் பூவுக்கு அடியிலிருந்து ஒரு குட்டி ரிமோட்டை எடுத்துக் காட்டினாள்.

"நீங்க வாங்குன கடையிலதான் கேட்டேன். குளியலறையில வாளிய எடுத்தா ஒரு குமிழ் இருக்கே, எதுக்குன்னு. சொல்லிட்டு இந்தப் பெட்டியையும் குடுத்தாங்க."

"மாப்ளைக்கும் தெரியுமா?"

"அவன் முந்தாநாளே பையக் கட்டிட்டான். மாமாவுக்கு நான் இருக்குறது புடிக்கலக்கா, அவர் வாயால இருன்னு சொன்னாத்தான் இருப்பேன்னு நின்னான்." ஏணியை நன்றாக அழுத்திப் பிடித்தாள். "எறங்கி வாங்க. நேத்து ராத்திரி ரெண்டு பேருமா படுத்ததுல அவனுக்குப் பாயி பத்தலியாம்."