ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் என் குரல்

பிறருக்கு நல்லது செய்தே தீருவேன் என்று கிளம்புகிறவன் கையில் ஒலிபெருக்கி இருக்கக் கூடாது. என் கையில் இருந்தது.

வெளிநாட்டு வேலைக்கு முயலும் செவிலியர்களுக்காக, ஜெர்மன் கற்றுத்தரும் கைபேசிச் செயலி ஒன்றை உருவாக்கியிருந்தேன். படிக்கும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க இரண்டு ஏற்பாடுகள். தினமும் மாலை ஆறு மணிக்கு என் குரலிலேயே ஓர் அழைப்பு. கைபேசியைச் சத்தமில்லாமல் வைத்திருந்தாலும் அது ஒலிக்கும் (இதற்காக இரண்டு வாரம் உழைத்தேன்). ஒரு நாள் தவறினால், தொடர்ந்து படித்த நாள் கணக்கு பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். கண்டிப்பும் ஒருவகை அக்கறைதான் என்று அப்போது நம்பினேன்.

பெரியம்மா மகள் கவிதா அக்காதான் முதல் மாணவி. ஒத்தக்கடையில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். நூற்றுப் பன்னிரண்டு நாள் தவறாமல் படித்திருந்தாள். ஜெர்மன் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், மேலூரில் அவளுடைய மாமனார் இறந்துபோனார்.

நானும் போயிருந்தேன். பந்தலில், என் தகுதிக்கு மீறிய துக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஐஸ் பெட்டிக்கு மின்சாரம் எடுத்த அதே சுவிட்ச் பலகையில் அக்காவின் கைபேசியும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஒப்பாரி மூச்சு வாங்க நின்ற இடைவெளியில் மணி ஆறானது. பெட்டியின் தலைமாட்டிலிருந்து என் குரல் உற்சாகமாகக் கேட்டது:

“என்ன, மறந்துட்டீங்களா? நான் உங்கள விடமாட்டேன். நாளைக்கும் இதே நேரத்துக்கு வாரேன்.”

இழவு வீட்டில் ‘வாரேன்’ என்று சொல்லிக்கொண்டு யாரும் கிளம்புவதுகூட இல்லை. வாயை மூடி உட்கார்ந்திருந்த என்னை மொத்தப் பந்தலும் திரும்பிப் பார்த்தது. அக்காவின் நாத்தனார் எழுந்து வந்தார்.

“அடுத்த சாவுக்கு இப்பவே நாள் குறிக்கிறியா தம்பி?”

கைபேசியை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகுதான் அது அக்காவின் கைக்கு வந்தது. செயலியைத் திறந்தால் திரை நிறைய ஒரு பூச்சியம் (அதன் அளவையும் நான்தான் முடிவு செய்திருந்தேன்).

தேர்வுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. படித்ததெல்லாம் உன் தலையில் பத்திரமாக இருக்கிறது, அந்த எண்ணைப் பார்க்காதே என்று கெஞ்சினேன்.

“பூச்சியத்தப் போட்டவனே நீதானடா,” என்றாள். “அம்புட்டும் போச்சுன்னு அது சொல்லுது. போகலன்னு நீ சொல்ற. விடு, எனக்குத் தெம்பு இல்ல.”

தேர்வுக்கு அவள் போகவில்லை.

ஆறு மணிக் குரலை எடுத்துவிட்டேன். நாள் தவறினாலும் கணக்கு அழியாதபடி மாற்றினேன். மற்றவர்களுக்கு அது உதவியிருக்கலாம். அக்கா அதைத் திரும்பத் திறக்கவே இல்லை.

இப்போதெல்லாம் உறவில் எந்தச் சாவுக்குப் போனாலும், வாசலிலேயே ஒரு மாமா கையை நீட்டுகிறார்.

“போனக் குடுத்துட்டு உள்ள போ மாப்ள. பெட்டிக்குள்ள இருக்கவரு பயந்துருவாரு.”

எல்லோரும் சிரித்துவிட்டு, அவசரமாகத் துக்க முகத்துக்கு மாறிக்கொள்வார்கள். பணி முடிந்து நேரே வந்திருக்கும் கவிதா அக்காவும் சிரிப்பாள், அதே மருத்துவமனையின் சீருடையோடு.